ஆறு கட்டங்கள்

சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்தால் ஏதோ வீட்டு விவகாரம் என்று பொருள். முந்தின வருடம் நவம்பர் மாதக் கடைசியில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. "பிள்ளைக்கு ரிசல்ட் வந்துடுச்சு. எட்டு. நீ டீச்சர்தானே, வந்து இவர்கிட்ட பேசு" என்றாள்.

எட்டு என்றதும் நம் தோட்டத்துத் தாய்மார்கள் பதறிப்போவார்கள். பதறவேண்டாம். 2021 முதல் அங்கே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்டிச் சொல்கிறார்கள். 4 தான் முதல் தரம், 32 கடைசி. எட்டு வாங்கிய பெண் பெயர்பெற்ற பள்ளிகளின் கதவைத் தைரியமாகத் தட்டலாம். ஆறு பள்ளிகளை வரிசையாக எழுதித் தரவேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம்தான் அவகாசம்.

ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிப் போனேன். அத்தான் லாரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர். ஆறு கட்டங்களிலும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிகளாகவே எழுதி வைத்திருந்தார்.

"டீச்சரம்மா, அரசாங்கப் பள்ளியில மாசம் 25 வெள்ளிக்குள்ள முடிஞ்சுடும். நீங்க சொல்ற பள்ளிக்குச் சில நூறு வெள்ளி ஆகும். அதோட அங்க தமிழ் கூடக் கிடையாதாம். நம்ம பிள்ளை ஒத்தையா நிக்கணுமா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 1988இல்தான் சிங்கப்பூரில் முதல் சுயேச்சைப் பள்ளிகள் ஏற்பட்டன. கட்டணத்தையும் ஆசிரியர்களையும் தாங்களே முடிவு செய்துகொள்ளும் பள்ளிகள் அவை. 1990இல் ராஃபிள்ஸ் கல்விநிலையமும் சேர்ந்துகொண்டது. ஊரில் நூற்றுக்கு ஒன்பது பேர்தான் இந்தியர்கள். அவர்களிலும் லாரி ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பறையில் தன்னைப்போல் இன்னொருத்தியைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

எனக்கும் வாய் அடைத்தது. ஆனால் அத்தானுக்குத் தெரியாத ஒரு கதை என்னிடம் இருந்தது. அதை அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த இரண்டாம் வருடம், என் வகுப்பில் கணக்கில் புலியாக ஒரு பையன் இருந்தான். விடுதியோடு கூடிய நல்ல பள்ளிக்கு விண்ணப்பிக்கலாமா என்று அவன் அப்பா, செம்பனைக் குலை வெட்டுகிறவர், என்னிடம் வந்து கேட்டார். "அவ்வளவு தூரம் எதற்கண்ணே, இங்கேயே படிக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன். விண்ணப்பத் தாள் மலாயில் நான்கு பக்கம். நிரப்பிக்கொடுக்க எனக்குச் சோம்பல் என்பதே உண்மை. அவன் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டான். இப்போதும் வழியில் பார்த்தால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்கிறான். அவன் கோபித்துக்கொண்டால்கூடத் தேவலை.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "எங்க போய்க் கேக்கணும்?" என்றார்.

மறுநாள் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பீட்டி ரோட்டுக்குப் போனோம். 1991இல் தொடங்கிய சிண்டா அங்கேதான் இருக்கிறது. துணைப்பாட வகுப்புகளும் உதவிநிதியும் நடத்துகிற இந்தியர் அமைப்பு. அதற்கு மாதந்தோறும் சம்பளத்தில் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை பிடிக்கிறார்கள். அத்தான் இத்தனை வருடமாகக் கட்டிக்கொண்டேதான் இருந்தார், எதற்கென்று கேட்டதில்லை! குடியுரிமை உள்ள பிள்ளையானால், வருமானத்தைப் பார்த்து, சுயேச்சைப் பள்ளிக் கட்டணம் முழுவதையுமோ ஒரு பகுதியையோ அரசாங்கமே ஏற்கும் திட்டம் உண்டு என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பள்ளி கொடுக்கும் பாரத்தை நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

தமிழுக்கும் வழி பக்கத்திலேயே இருந்தது. அடுத்த கட்டடம் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம். பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள் வகுப்பு முடிந்து அங்கே வந்து படிக்கிறார்கள். 1946இல் கடையநல்லூர் முஸ்லிம்கள் தொடங்கி 1982இல் மூடப்பட்ட உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியின் பெயர் அது. தன் பெரியப்பா அந்தப் பள்ளியில் படித்தவர் என்று அத்தான் இரண்டு முறை சொன்னார்.

நியூயார்க்கில் கேரி சைமன்ஸ் என்ற ஆசிரியர் 1978இல் 'பிரெப் ஃபார் பிரெப்' என்றோர் அமைப்பைத் தொடங்கினார். சிறுபான்மைப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, பதினான்கு மாதம் பாடம் சொல்லிக்கொடுத்து, பிறகே தனியார் பள்ளிகளில் சேர்க்கிறார்கள். அந்தப் பதினான்கு மாதத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். இடம் கிடைத்ததும் வேலை முடிந்ததென்று நினைக்கிறோம்.

அக்காள் மகளுக்கு முதல் கட்டத்தில் எழுதிய பள்ளியே கிடைத்தது. முதல் பருவத்தில் கணக்கில் தோற்றாள். "சித்தி, எல்லாரும் போன வருஷமே இதைப் படிச்சிட்டாங்க" என்று தொலைபேசியில் அழுதாள். அத்தான் அவளைத் துணைப்பாட வகுப்பில் சேர்த்துவிட்டார். தமிழ் வகுப்பு நாளில் ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கித் தனியாக நடந்துபோகிறாள். அங்கே அவள் பள்ளிச் சீருடையில் இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்களாம்.