அந்த முகம் நான் செதுக்கியது அல்ல

என் அக்கா வீட்டுப் பூஜையறையில் இருக்கும் வாகை மரப் பிள்ளையாரின் முகத்தை நான் செதுக்கவில்லை. மத்தகம், கண், துதிக்கை, காது எல்லாமே அரும்பாவூர்ச் சிற்பி ஒருவரின் கைவேலை. புதுமனை புகுவிழா அன்று, வந்தவர்களிடமெல்லாம் "என் தம்பி கையால செஞ்சது" என்று அக்கா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன், மறுக்கவில்லை. எத்தனை நாள் பிடித்தது என்று ஒருவர் கேட்டதற்குத் தயங்காமல் ஒரு கணக்கும் சொன்னேன்.

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். ஒரே மரத்துண்டில் சாமி உருவங்களைச் செதுக்குவதற்குப் பேர்போன ஊர். மரச்செதுக்கு கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு விடுமுறை நாட்களில் அங்கே போக ஆரம்பித்தேன். ஒரு பட்டறைக்காரர் கட்டணம் எதுவும் கேட்காமல் உட்கார இடம் கொடுத்தார். முதலில் என் கையில் கொடுத்தது மரத்தை அல்ல, சாணைக்கல்லை.

என் தவறு அந்தக் கல்லில்தான் தொடங்கியது. தட்டை உளியைத் தீட்டுவது ஓரளவு சுலபம். நக உளி அப்படியல்ல. அதன் வாய் வளைந்திருப்பதால், கல்லில் தேய்க்கும்போதே மணிக்கட்டைப் புரட்டி, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கல் படும்படி கொண்டுபோக வேண்டும். புரட்டாமல் தேய்த்தால் நடுப்பகுதி மட்டும் குழிந்து, முனைகள் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட உளியை இறக்கினால் வெட்டின் இரு பக்கமும் கீறல் விழும். ஒழுங்காகத் தீட்டினால் வாயின் மறுபுறம் மெல்லிய பிசிர் ஒன்று எழும்பும், விரலால் தடவினால் தெரியும். அதைத் தோல்பட்டையில் இழுத்து எடுத்துவிட்டு, மரத்தின் நாருக்குக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பார்கள். வெட்டிய இடம் பளபளத்தால் உளி தயார். மங்கலாக, மாவு மாவாக உதிர்ந்தால் திரும்பவும் கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு இதில் பொறுமை இல்லை. சிற்பம் செய்யத்தானே வந்தோம், கல்லில் தேய்ப்பதற்கா என்று நினைத்தேன். பட்டறையில் இருந்த பையன் தீட்டி வைத்த உளிகளை எடுத்துக்கொண்டு, மழுங்கியதும் அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். வாய் மழுங்கும்போது தட்டும் ஓசை மாறும், கைக்குப் பளு கூடும். அந்த மாற்றத்தை என் கை கடைசிவரை படிக்கவே இல்லை.

அடுத்து பட்டறைக்காரர் ஒரு பலகையைக் கொடுத்துத் தாமரை இதழ் வெட்டச் சொன்னார். அதே இதழ், வரிசை வரிசையாக. வாகையில் நார் ஒரே பக்கமாக ஓடாது. ஒரு பட்டையில் மேல்நோக்கியும் அடுத்த பட்டையில் கீழ்நோக்கியும் பின்னிக் கிடக்கும். இதழின் இடது பக்கம் வழவழவென்று இறங்கிய உளி வலது பக்கம் சிராயைப் பிய்த்துக்கொண்டு வரும். "ஓட்டம் பார்த்து வெட்டுங்க தம்பி" என்பார். பார்த்து வெட்டும் பழக்கம் வரத்தான் அந்தப் பலகையே. வாகைத் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வேறு. இதழ் சரியாக விழுவதற்கு முன்பே பலகையை ஓரம் வைத்துவிட்டுப் பிள்ளையார் வேண்டும் என்று நின்றேன். அக்கா கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று என்றேன். மனமில்லாமல்தான் சம்மதித்தார்.

நடுக்கோடு போட்டு, பிள்ளையாருக்கு உரிய பஞ்சதால அளவில் கட்டம் பிரித்துக் கொடுத்தார். பீடம், கால், வயிறு எல்லாம் நான் செய்தேன். துதிக்கையை மட்டும் தொடாதே என்று சொல்லியிருந்தார். மரத்தின் நார் மேலும் கீழுமாக ஓட, துதிக்கையின் நுனி மோதகத்தைத் தேடிப் பக்கவாட்டில் திரும்புகிறது. அந்த இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்பட்டுத் துண்டு துண்டாக இருக்கும், பலமே இருக்காது. கடைசிவரை பின்பக்கம் மரத்தை விட்டுவைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் அங்கே கை வைக்க வேண்டும். அவர் வெளியே போயிருந்த நேரத்தில் நான் மழுங்கிய உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு போடு போட்டேன். நுனி தெறித்துப் போனது.

சீவலுக்குள் தேடி அந்தத் துண்டை எடுத்து வைத்திருந்தேன், ஒட்டிவிடலாம் என்று. அவர் வந்து பார்த்துவிட்டு, "ஃபெவிகால் போட்டு ஒட்டினா அது சாமி இல்ல தம்பி" என்றார். என்னைத் திட்டவில்லை. நான் கெஞ்சியதால் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் முழுவதையும் ஒரு விரற்கடை உள்ளே இறக்கி, துதிக்கை வயிற்றின் மேலேயே படிந்து கிடக்கும்படி புதிதாக வெட்டினார். பொழுது சாய்வதற்குள் பிள்ளையாருக்கு முகம் வந்துவிட்டது.

விவரம் தெரிந்தவர்கள் அந்தச் சிலையைப் பார்த்தால் உடனே சொல்லிவிடுவார்கள். வயிறு உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து மழுமழுவென்று இருக்கிறது. முகத்தில் உப்புத்தாளே படவில்லை, உளி போன தடம் ஒவ்வொன்றும் தெளிவாக, வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறது. (புதிதாகக் கற்கிறவர்கள் கையில் உப்புத்தாள் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. எங்கே தப்பு நடந்தது என்பதையே அது அழித்துவிடுகிறது.)

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ செய்ததை அந்த ஊர்ப் பெயரில் விற்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. அந்த ஊர்க்காரர் செய்ததை நான் என் பெயரில் கொடுத்தேன். இதைத் தடுக்க அந்தக் குறியீடு அவருக்கு உதவாது. என் வாய்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லாததில் எனக்கு நேர்ந்த நஷ்டம் பெரியது. அதற்குப் பிறகு நான் பட்டறைப் பக்கம் போகவில்லை. எல்லோரும் புகழ்ந்த ஒரு பிள்ளையார் என் பெயரில் இருக்கும்போது, மறுபடி போய்க் கோணல் இதழ் வெட்டிக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. இன்னொன்று செய்து தரக் கேட்டவர்களிடம் மரம் கிடைக்கவில்லை, நேரமில்லை என்று சொல்லித் தப்பித்தேன். உளிகள் பையிலேயே துருவேறின. ஆரம்பத்தில் இருப்பவனிடம் சேர வேண்டியது அவனுடைய மோசமான வேலைகள்தான். இதழ் பத்துக்கு ஒன்று தேறும், பிறகு இரண்டு தேறும். அந்த வழியை இன்னொருவருடைய நல்ல வேலையை வைத்து நானே அடைத்துவிட்டேன். எனக்கு இந்த வேலை உண்மையிலேயே பிடித்திருந்தது என்பதால் இதை எழுதும்போது மனம் வலிக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று உளி, ஒரு சாணைக்கல், குமிழோ வெட்பாலையோ ஒரு பலகை போதும். சாமி உருவத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

இதை எழுதுவதற்கு முன் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவருக்கு நீ என்ன கொடுத்த?" என்று கேட்டாள்.

மரத்துக்கு மட்டும்தான் காசு கொடுத்திருந்தேன். முகத்துக்கு அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. அந்தக் கூலியோடுதான் இனி நான் அரும்பாவூர் போக வேண்டும். யார் பெயரில் அந்தப் பிள்ளையார் இத்தனை காலம் இருந்தது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். தீட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்பது அதற்குப் பிறகு.