புகைக்குழாயில் ஒரு தூதன்

மோட்டார் வாகனத்தின் உறுப்புகளுள் பிறர் குற்றத்துக்கெல்லாம் தான் தண்டனை அனுபவிப்பது ஒன்று உண்டென்றால், அது எக்ஸாஸ்ட் குழாயில் திருகப்பட்டிருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்தான். முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்து, மைலேஜும் குறைந்து, ஸ்கேனரைச் செருகிப் பார்க்கையில் சென்சார் சம்பந்தமான ஏதோ ஓர் எண் தோன்றிவிட்டால், மேற்கொண்டு விசாரணையின்றி அதைக் கழற்றி எறிந்துவிடுவது சர்வசாதாரணமாகிவிட்டது. தூதனைக் கொல்லலாகாது என்று இராவணன் சபையில் விபீஷணன் எடுத்துரைத்த நீதி இந்தச் சின்னஞ்சிறு கருவிக்கும் உரியதென்பது என் திடமான அபிப்பிராயம்.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்க, 1976இல் ஸ்வீடனின் வோல்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்ற இந்த சென்சாரின் உள்ளே, இருபுறமும் பிளாட்டினம் பூசிய ஸிர்கோனியா என்னும் பீங்கான் இருக்கிறது. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும், வெளிக்காற்றிலுள்ள பிராணவாயுவுக்கும் புகையில் எஞ்சிய பிராணவாயுவுக்கும் உள்ள பேதத்தை அது மின்னழுத்தமாக மாற்றுகிறது. பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டையும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டையும் ஒட்டி நிற்கும். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பிரமாணத்தை இன்ஜின் விடாமல் தேடிக்கொண்டிருப்பதால், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னிருக்கும் சென்சார் இவ்விரு எல்லைகளுக்கிடையே ஓயாது ஊசலாடும்; அந்தச் சஞ்சலமே அதன் ஆரோக்கியத்துக்கு லக்ஷணம்.

நான் பெரிதும் மதிக்கும் மெக்கானிக் ஒருவரிடம், கலவையில் பெட்ரோல் குறைவென்று சொல்லும் பி0171 என்ற எண்ணோடு ஒரு கார் வந்தது. அவர் ஸ்பானரைத் தொடவில்லை. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதிக்கச் சொல்லி, வோல்ட் துள்ளி ஏறுவதையும், காலை எடுத்ததும் இறங்குவதையும் ஸ்கேனரில் நிதானமாகப் பார்த்தார். பிறகு மேனிபோல்டின் அருகே காதைக் கொடுத்தார். கேஸ்கட் கசிந்து, அவ்வழியே உட்புகுந்த வெளிக்காற்றைத்தான் சென்சார் உள்ளபடி அறிவித்திருந்தது. எத்தனை பொறுமை, எத்தனை நியாயம்!

சென்சாரே செத்துவிடுவதும் உண்டுதான். ஹீட்டரைக் குறிக்கும் பி0135 வந்து, ஃபியூஸும் நன்றாயிருந்து, ஹீட்டரின் இரு ஒயர்களுக்கிடையே மல்டிமீட்டர் தொடர்பே காட்டாவிட்டால், மாற்றத்தான் வேண்டும். எதை மாற்றுவது என்பதில் மயக்கம் வேண்டாம்: முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம் பேங்க் 1; கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னிருப்பது சென்சார் 1, பின்னிருப்பது சென்சார் 2. இன்ஜின் இளஞ்சூடாக இருக்கையில், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒயர் நுழையப் பிளவுள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட்டால் கழற்றினால் மரை கெடாது. புதியதன் மரையில் தடவும் பசை முனையில் படலாகாது.

கழற்றிய பழையதை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதன் முனையைப் பாருங்கள். கரிய புகைக்கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி. வெண்பொடி படிந்திருந்தால், ரேடியேட்டர் திரவமோ சிலிக்கான் பசையோ புகையில் கலந்திருக்கக்கூடும். அந்தக் காரணத்தை நீக்காமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கெட்டுப்போகும்.