பொய்க் குடும்பம், நிஜப் பாசம்

வழக்கமா நான் கோயில் வேலை, அன்னதானக் கணக்கு, திருவிழா விஷயம்னுதான் எழுதுவேன். இன்னைக்கு ஒரு கார்ட்டூன் கதையப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காம கடைசி வரைக்கும் படிங்க, கோயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

நாலாம் படிவம் படிக்கிற என் சின்ன மகள் பார்க்கிற ஜப்பான் தொடர் இது. எழுத்துல "ஸ்பை எக்ஸ் ஃபேமிலி"ன்னு இருக்கும், ஆனா "ஸ்பை ஃபேமிலி"ன்னுதான் வாசிக்கணுமாம், நடுவுல இருக்கிற எக்ஸ் சும்மாதானாம். தட்சுயா எண்டோங்கிறவர் 2019ல படக்கதையா வரைய ஆரம்பிச்சாரு. 2022 ஏப்ரல்ல தொலைக்காட்சித் தொடரா வந்துச்சு. இரவு ஷிப்ட் இல்லாத நாள்ல மகள் பக்கத்துல சும்மா உட்கார்ந்தவன், இப்ப "அடுத்த பாகம் போடு"ன்னு கேட்கிற அளவுக்கு ஆகிட்டேன்.

கதை இதுதான். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கற்பனை நாடு. எந்த நேரமும் சண்டை வரலாம்ங்கிற நிலைமை. ஒரு நாட்டோட பெரிய ஒற்றன் இன்னொரு நாட்டுக்குள்ள இருக்கான். அந்த நாட்டு அரசியல் தலைவர் ஒருத்தர் வெளியவே வர மாட்டார். பிள்ளைங்க படிக்கிற பெரிய பள்ளிக்கூடத்துல, கெட்டிக்காரப் பிள்ளைகளோட பெற்றோர் கூடுற கூட்டத்துக்கு மட்டும்தான் வருவார். அந்தக் கூட்டத்துக்குள்ள நுழையணும்னா ஒற்றனுக்கு ஒரு பிள்ளை வேணும், அதுவும் ஒரே வாரத்துல.

அவன் லாய்ட்னு பேர் வெச்சுக்கிட்டு, மனநல டாக்டர் வேஷம் போட்டு, அநாதை இல்லத்துல இருந்து ஆன்யாங்கிற சின்னப் பொண்ண கூட்டிட்டு வர்றான். பள்ளிக்கூடத்துல அம்மாவும் வேணும்னு சொல்ல, யோர்னு ஒரு பொண்ண பேருக்குக் கல்யாணம் பண்ணிக்கிறான். எதிரிங்க துரத்துற நேரத்துல கையெறி குண்டோட வளையத்தக் கழற்றி மோதிரமா விரல்ல போடுறான் பாருங்க, அந்தக் கல்யாணத்தப் பார்த்து நான் சிரிச்ச சிரிப்புக்கு அளவே இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த அம்மா பகல்ல நகராட்சி குமாஸ்தா, ராத்திரியில கூலிக்குக் கொலை செய்றவங்க. அப்பா ஒற்றன்னு அவங்களுக்குத் தெரியாது, அம்மா யாருன்னு அவனுக்கும் தெரியாது. ரெண்டு பேர் ரகசியமும் தெரிஞ்ச ஒரே ஆள் ஆன்யாதான். ஏன்னா அதுக்கு மத்தவங்க மனசுல நினைக்கிறது கேட்கும். அத வெளிய சொன்னா திரும்பவும் அநாதை ஆகிடுவோமோன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கு. பரீட்சையில மார்க் வராது, கடலைன்னா உயிர். நம்ம ஊர் கச்சாங் பூத்தே கடைக்குக் கூட்டிட்டுப் போனா அங்கேயே குடி இருக்கும்.

மூணு பேரும் ஆளுக்கு ஒரு காரணத்துக்காகத்தான் ஒரே வீட்டுல சேர்ந்தாங்க. அம்மாவுக்குச் சமையல் வராது, அவங்க சமைச்சதச் சாப்பிட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ஆனா பிள்ளைக்காக இன்னொரு வீட்டுக்குப் போய்க் கத்துக்கிட்டு வந்து ஒரு குழம்பு வைக்கிறாங்க. அப்பா ராத்திரி முழுக்க ஒற்றன் வேலை பார்த்துட்டு விடியக்காலையில பிள்ளைக்குப் பசியாற எடுத்து வைக்கிறான். நடிக்க வந்தவங்க எப்ப நிஜமான குடும்பமா ஆனாங்கன்னு அவங்களுக்கே தெரியல.

எங்க அம்மாவும் எங்களோடதான் இருக்காங்க. எழுபது வயசு தாண்டிடுச்சு. பேத்தியோட உட்கார்ந்து அவங்களும் பார்ப்பாங்க. பாஷை புரியாது, மகள்தான் தமிழ்ல சொல்லும். நாலாவது பாகத்துல பள்ளிக்கூட நேர்காணல் வரும். மூணு வாத்தியாருங்க. அதுல ஒருத்தருக்கு அப்பதான் குடும்பம் பிரிஞ்சு, பெத்த பிள்ளையும் கையவிட்டுப் போயிருக்கு. அந்தக் கடுப்புல ஆன்யாகிட்ட, "உனக்கு முந்தின அம்மா நல்லவங்களா, இப்ப இருக்கிற அம்மா நல்லவங்களா?"ன்னு கேட்பார். அந்தப் பிள்ளை "மாமா"ன்னு முனகி அழுதுடும். ஜப்பான்காரங்களும் மாமான்னா அம்மாதான்.

லாய்ட் என்ன செய்வான்னு நினைக்கிறீங்க? அந்தப் பள்ளியில இடம் கிடைக்கலன்னா அவன் வந்த வேலையே போச்சு. ஆனாலும் வாத்தியார் முன்னால இருந்த மேசைய ஒரே குத்துல உடைச்சுட்டு, கொசு இருந்துச்சுன்னு சொல்லிட்டு, குடும்பத்தோட எழுந்து போயிடுவான்.

அம்மா, "அந்த வாத்தியாருக்கு ஒரு அறை விட்டிருக்கணும்"னாங்க. அவங்க சொல்லி வாய மூடல, பெரிய வாத்தியார் எழுந்து அந்த ஆளுக்கு ஒரு குத்து விட்டார். அம்மா கை தட்டுனாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "என்னையும் இப்படித்தான்பா கேட்பாங்க"ன்னாங்க.

நம்ம கோயிலுக்கு ரொம்ப வருஷமா வர்றவங்களுக்கு எங்க அம்மாவத் தெரியும். முகம் சீன முகம். ஆனா வாயத் திறந்தா தோட்டத்துத் தமிழ். நெத்தியில திருநீறு இல்லாம வாசப்படி தாண்ட மாட்டாங்க. ஜப்பான்காரன் காலத்துலயும் அதுக்குப் பின்னாலயும் சாப்பாட்டுக்கே கஷ்டம். வறுமையினாலயும், பெண் பிள்ளைன்னா பாரம்னு நினைச்சும், பிறந்த நேரம் ஆகாதுன்னும் சீனக் குடும்பங்கள்ல பெண் குழந்தைகளக் கொடுத்தாங்க. நம்ம ஆளுங்க வாங்கி வளர்த்தாங்க. மலேசியாவுலயும் சிங்கப்பூர்லயும் அப்படி வளர்ந்து, புடவை கட்டி, பேரன் பேத்தி எடுத்த சீன முகத்துப் பாட்டிங்க எத்தனையோ பேர். எங்க பாட்டி பால் மரம் வெட்டுன கூலியில, லயத்து வீட்டுல வெச்சு எங்க அம்மாவ வளர்த்தவங்க. பிறந்த நாள் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. குழந்தை வீட்டுக்கு வந்த அன்னைக்குப் பூசம். "என் பிள்ளை பூச நட்சத்திரம்"னு பாட்டி முடிவு பண்ணிட்டாங்க. இன்னைக்கும் அம்மா பேருக்கு அர்ச்சனைன்னா பூசம்தான்.

ஆனா ஆயாக்கொட்டகையில இருந்து கல்யாணப் பேச்சு வரைக்கும், "உன் சொந்த அம்மா எங்க?", "உன்னை ஏன் கொடுத்துட்டாங்க?"ன்னு கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்காங்க. "கேட்கிறவங்க உடனே மறந்துடுவாங்க. எனக்குத்தான் அன்னைக்குச் சோறு இறங்காது"ன்னாங்க. இத்தனை வருஷத்துல அம்மா வாயால இத நான் கேட்டது அன்னைக்குத்தான்.

இத இங்க எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அர்ச்சனைச் சீட்டு எழுதுற இடத்துல நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு தம்பதி புதுசா எடுத்து வளர்க்கிற பிள்ளையோட வந்தாங்க. அஞ்சு ஆறு வயசு இருக்கும். நட்சத்திரம் கேட்டேன், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. வரிசையில பின்னால இருந்து ஒரு குரல், "சொந்தப் பிள்ளையா, எடுத்து வளர்க்கிறதா?" பிள்ளை அம்மா முந்தானைய இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. கேட்டவங்க கெட்டவங்க இல்ல, சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். ஆனா ஆன்யா மாதிரி மனசப் படிக்கிற சக்தி இல்லாமலே எல்லாப் பிள்ளைக்கும் அந்தக் கேள்வியோட அர்த்தம் புரியும்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நாம யார் சன்னதியில நிக்கிறோம்? முருகப் பெருமானையே சரவணப் பொய்கையில கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர்தான் எடுத்து வளர்த்தாங்க. வளர்த்தவங்க பேராலதான் கார்த்திகேயன்னு கூப்பிடுறோம். வள்ளியம்மை? வள்ளிக்கிழங்கு தோண்டுன குழியில கிடைச்ச குழந்தை, வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்த்த மகள். அந்த வள்ளிக்காக முருகன் வேடனா வந்தாரு, வேங்கை மரமா நின்னாரு, கிழவனா வந்து தேனும் தினைமாவும் கேட்டாரு. வேஷம், காதல், குடும்பம் மூணும் நம்ம கதையிலயே இருக்கு. யானையா வந்து உதவி செய்ய அண்ணன் வேற! நம்பிராஜன்கிட்டப் போய் "இது சொந்தப் பிள்ளையா?"ன்னு யாராவது கேட்டிருந்தா அவர் வில்லத்தான் எடுத்திருப்பார்.

அதனால அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயில்ல எந்தப் பிள்ளையப் பார்த்தாலும் பேரக் கேளுங்க, சாப்பிட்டுச்சான்னு கேளுங்க. சொந்தமா, வளர்ப்பான்னு கேட்காதீங்க. பிள்ளையோட நிறத்தையும் முகத்தையும் பெத்தவங்களோட ஒப்பிட்டுப் பேசாதீங்க.

எடுத்து வளர்க்கிற பெற்றோர்களுக்கும் ஒண்ணு சொல்றேன். நட்சத்திரம் தெரியலன்னா கூச்சப்பட வேண்டாம். பேரோட முதல் எழுத்த வெச்சு நட்சத்திரம் பார்க்கலாம்னு நம்ம குருக்கள் சொல்றார். கோத்திரம் தெரியலன்னா சிவ கோத்திரம்னு சொன்னா போதும். எங்க பாட்டி மாதிரி, பிள்ளை வீட்டுக்கு வந்த நாளையே வெச்சுக்கிட்டாலும் சாமி கோவிச்சுக்க மாட்டார். அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

இந்த வெள்ளிக்கிழமை பூஜை இரவு 7 மணிக்கு. அன்னதானத்துக்குக் காய் வெட்ட வர்ற தொண்டர்கள் 5 மணிக்கே வந்துடுங்க, போன வாரம் ஆள் பத்தல. எங்க அம்மாவும் வர்றாங்க, வெங்காயம் அவங்க பொறுப்பு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!