கேஜ் மாறிடுச்சு, மாப்ள!

"மாப்ள... வைஃபை செத்துப்போச்சு!"

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மாமாவின் போன். அவர் குரலைக் கேட்டதும் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பகீரென்றது. வைஃபைதான் என்றதும் மூச்சு வந்தது. அடுத்த வாக்கியத்தில் மறுபடி நின்றுவிட்டது.

"நீ போட்டுக் குடுத்த லினக்ஸ்தான். அப்டேட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன். அணைஞ்சு எரிஞ்சுது. இப்போ வைஃபை சின்னத்தையே காணோம். நாளைக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங் பதிவுக்குக் கடைசி நாள். ஒரு பொண்ணோட சர்ட்டிபிகேட் எல்லாம் ஸ்கேன் பண்ணி இதுக்குள்ளதான் வெச்சிருக்கேன்."

"நெட் ஒயரை நேரா சொருகிப் பாருங்க மாமா..."

"சொருகலாம். ஓட்டை எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. அது நான் வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் ஒல்லி லேப்டாப். ஒல்லியாக இருக்கட்டும் என்று லேன் ஓட்டையைத் தியாகம் செய்துவிட்டார்கள்.

மாமா ரயில்வேயில் கீமேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். பென்ஷனோடு சும்மா இருக்கப் பிடிக்காமல் கடலூர் - பண்ருட்டி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டார். ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் அந்த லேப்டாப்பில் நுழைந்து வெளியேற, வைரஸ்கள் குடும்பத்தோடு குடியேறின. அப்போதுதான் அடியேன் உபதேசம் பண்ணினேன்: "மாமா, லினக்ஸ் போட்டுடலாம். காசும் கிடையாது, இந்தத் தொல்லையும் கிடையாது."

அந்த உபதேசத்தின் பலனைத்தான் இப்போது போனில் அனுபவித்துக்கொண்டிருந்தேன். "காலைல வரேன் மாமா" என்றேன். ஆபீஸுக்கு லீவு சொல்ல வயிற்று வலி உதவியது.

* * *

எழும்பூரில் ஏறினால் விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். அங்கே இறங்கி மயிலாடுதுறை போகும் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்காரர்கள் ஜன்னல் வழியே பெயரைப் படிப்பதற்குள் தாண்டிப் போகிற ஸ்டேஷன்களில் எல்லாம் இந்த வண்டி நின்று குசலம் விசாரிக்கும். சேர்ந்தனூர், திருத்துறையூர், அப்புறம் பண்ருட்டி.

பண்ருட்டி வந்துவிட்டதை போர்டு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மே, ஜூன் மாதங்களில் மூக்கே சொல்லிவிடும். ஒருவர் பலாப்பழம் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஏறினார். அதற்கு என் பக்கத்தில் ஸீட்டும் பிடித்தார். முள் குத்தியது. வாசனைக்காக மன்னித்தேன்.

அடுத்த ஸ்டேஷன் மேல்பட்டாம்பாக்கம். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே இருக்கிற சின்ன ஸ்டேஷன். இறங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு பக்கம் பண்ருட்டியின் பலாவும் முந்திரியும், மறு பக்கம் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு. நடுவில் சத்தமில்லாத ஒரு பேரூராட்சி.

சத்தமில்லாத ஊர்தான், ஆனால் சாமானிய ஊர் இல்லை. 1860-களிலேயே டேனிஷ் மிஷன்காரர்கள் கடல் கடந்து வந்து இங்கே நிலைகொண்டார்கள். லினக்ஸும் அந்தத் திசைச் சரக்குதான். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஆரம்பித்தது. தமிழ்நாட்டு வீடுகளில் அது பரவலாக நுழைந்தது 2011-க்குப் பிறகு. அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளில் 'பாஸ்' என்று ஒரு லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? சி-டாக் நிறுவனம் சென்னையில் வைத்து உருவாக்கியது. பெரும்பாலான பையன்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்!

* * *

கடையில் மாமா மட்டும் இல்லை. ஸ்டூலில் ஒரு பெண். பக்கத்தில் மஞ்சப் பையோடு அவள் அப்பா. கரும்பு வெட்டுகிற கை என்று பார்த்ததுமே தெரிந்தது. பைக்குள் முதல் பட்டதாரி சான்றிதழ். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதிக்கப் போகிற முதல் ஆள் அந்தப் பெண்தான்.

"மெட்ராஸ்லேர்ந்து இன்ஜினீயர் வந்துட்டாருல்ல, இனிமே கவலை இல்ல" என்றார் மாமா. நான் அக்கவுன்ட்ஸ் செக்ஷன் என்பதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

உட்கார்ந்தேன். வைஃபை சின்னம் இருக்க வேண்டிய இடம் வழித்துவிட்ட மாதிரி காலி. வியர்த்தது. உடனே தோன்றியது ஒரே யோசனைதான். "மாமா, எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து புதுசா போட்டுடறேன்."

மாமா என் கையைப் பிடித்தார். "இரு மாப்ள. வண்டி ஆடுதுன்னா தண்டவாளத்தையே பேத்துப் போட்டுடுவியா? நான் முப்பது வருஷம் கீமேன். சுத்தியலும் ஸ்பானரும் தூக்கிக்கிட்டு காலைல கிளம்பினா, ஒவ்வொரு கீயா பார்த்துக்கிட்டேதான் நடப்பேன். ஒண்ணைத் தாண்டி ஒண்ணு போக மாட்டேன். கோளாறு எந்த இடம்னு தெரியாம கையை வெக்காதே."

அந்தப் பெண் மெல்ல வாயைத் திறந்தாள். "அண்ணா... போன்ல இருக்கிற நெட்டை ஒயர் வழியா லேப்டாப்புக்குக் குடுக்கலாமே? ஸ்கூல்ல கரன்ட் போனப்ப எங்க மிஸ் அப்படித்தான் பண்ணினாங்க."

யு.எஸ்.பி. டெதரிங்! லினக்ஸில் இதற்குத் தனி டிரைவர்கூடத் தேடவேண்டாம். ஆண்ட்ராய்டு போனை ஒயரால் இணைத்து, செட்டிங்கில் டெதரிங்கை ஆன் செய்தால் போதும். அந்த போனையே ஒரு நெட்வொர்க் கார்டாக லேப்டாப் எடுத்துக்கொள்ளும். ராத்திரி போனிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். சொல்லாமல் ரயிலேறி, பலாப்பழத்திடம் குத்து வாங்கி வந்திருக்கிறேன்!

முதல் ஒயர் வேலை செய்யவில்லை. சில ஒயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், தகவலைக் கடத்தாது. மாமாவின் ஒயர் அந்த ஜாதி. என் பையில் இருந்த ஒயரைப் போட்டதும் நெட் வந்தது. முக்கால் மணி நேரத்தில் சான்றிதழ்கள் ஏறின, பணம் கட்டியாயிற்று, பதிவு எண் திரையில் வந்தது. அதைப் பிரின்ட் எடுத்து மாமா நீட்டினார். அவள் அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

* * *

அவர்கள் போன பிறகு மாமாவும் நானும் 'லைன்' நடக்க ஆரம்பித்தோம். இதே மாதிரி வைஃபை இழந்து தவிக்கும் அன்பர்கள் பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கீ: சுவிட்ச். டெர்மினலைத் திறந்து 'ஆர்.எஃப். கில் லிஸ்ட்' என்று அடித்தால் வைஃபை பூட்டப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். 'சாஃப்ட் பிளாக்' என்றால் ஏதோ ஒரு மென்பொருள் பூட்டியிருக்கிறது, 'அன்பிளாக்' கொடுத்துத் திறக்கலாம். 'ஹார்ட் பிளாக்' என்றால் லேப்டாப்பிலேயே இருக்கும் சுவிட்சையோ பட்டனையோ பார்க்க வேண்டும். எங்கள் லிஸ்டில் வைஃபை என்ற பேச்சே இல்லை. பூட்டுவதற்கே ஆள் இல்லை!

இரண்டாவது கீ: கார்டு கண்ணுக்குத் தெரிகிறதா? 'எல்.எஸ்.பி.சி.ஐ. மைனஸ் என்.என்.கே.' என்பது கட்டளை. வைஃபை சிப் லிஸ்டில் இருந்தது. ஆக, உறுப்பு சாகவில்லை. ஆனால் மற்ற உறுப்புகளுக்குக் கீழே 'இந்த டிரைவர் ஓடுகிறது' என்று ஒரு வரி இருக்க, இதன் கீழே அந்த வரி இல்லை. பஸ் நிற்கிறது, டிரைவர் இல்லை!

மூன்றாவது கீ: 'யூநேம் மைனஸ் ஆர்'. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எது என்று சொல்லும். அப்டேட்டில் கெர்னல் புதிதாக மாறியிருந்தது.

"கெர்னல்னா?" என்றார் மாமா.

"அடித்தளம் மாமா. அதுக்கு மேலதான் எல்லாம் ஓடும். வைஃபை டிரைவர் நிறைய சிப்புக்கு கெர்னலோட சேர்ந்தே வரும். இந்த சிப்போட டிரைவர் வெளியிலேர்ந்து தனியா கட்டிச் சேர்த்தது. பழைய கெர்னல் அளவுக்குக் கட்டினது புது கெர்னல்ல ஏறாது."

மாமா முகம் சட்டென்று மலர்ந்தது. "அட, கேஜ் மாறிடுச்சு மாப்ள! இந்த லைன்ல மீட்டர் கேஜ்தானே ஓடிச்சு? ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர். அகலப்பாதைன்னா 1,676 மில்லிமீட்டர். பழைய பெட்டி நல்ல பெட்டிதான். ஆனா புது லைன்ல நிக்கக்கூட நிக்காது. பெட்டியையும் திட்டக் கூடாது, லைனையும் திட்டக் கூடாது."

இதைவிட நன்றாக எந்தப் புரொபசரும் சொல்லியிருக்க முடியாது. விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையில் கேஜ் மாற்றுவதற்காக ரயிலை நிறுத்தினார்கள். 2010-ல் அகலப்பாதையில் பாசஞ்சர் ஓடத் தொடங்கும் வரை இந்த ஊர் ஜனங்களுக்கு வருஷக்கணக்கில் பஸ்தான் கதி.

லினக்ஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் இரக்கமுள்ளது. புது லைன் போட்டதும் பழைய லைனைப் பிடுங்கிவிடாது. கொஞ்ச காலம் விட்டு வைக்கும். நான்காவது கீ அதுதான். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, ஆரம்பத்தில் வரும் 'க்ரப்' மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால் பழைய கெர்னல் வரிசையில் நிற்கும். மெனு தானாக வராவிட்டால் பவர் போட்டதும் 'எஸ்கேப்' அல்லது 'ஷிஃப்ட்' பட்டனைத் தட்ட வேண்டும். பழையதைத் தேர்ந்தெடுத்தேன். திரை எரிந்தது... வலது மூலையில் வைஃபை சின்னம், போன மச்சான் திரும்பி வந்த மாதிரி!

"சரியாயிடுச்சா?"

"கோளாறு எங்கன்னு தெரிஞ்சாச்சு மாமா. சரி பண்றது இனிமேதான்."

டிரைவரை ஒவ்வொரு புது கெர்னலுக்கும் தானாகவே திரும்பக் கட்டிக் கொடுக்க 'டி.கே.எம்.எஸ்.' என்று ஒரு ஏற்பாடு உண்டு. 2003-ல் டெல் கம்பெனியில் பிறந்தது. மாமாவின் லேப்டாப்பிலும் அது இருந்தது. பின் ஏன் கட்டவில்லை? 'டி.கே.எம்.எஸ். ஸ்டேட்டஸ்' என்று கேட்டேன். பழைய கெர்னலுக்கு மட்டும் கட்டியிருப்பதாகப் பதில்.

கட்டுவதற்கு அந்தந்த கெர்னலின் 'ஹெட்டர்' கோப்புகள் வேண்டும். பெட்டி செய்கிறவனுக்கு லைன் அளவு மாதிரி. புது கெர்னலுக்கு அந்த ஹெட்டர் வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்று குடைந்தபோதுதான் என் காது சிவந்தது. லினக்ஸ் போட்ட அன்று, அன்றைய கெர்னலுக்கான ஹெட்டரை மட்டும் போட்டுவிட்டு ஊருக்கு ரயிலேறியிருக்கிறேன். புது கெர்னல் வரும்போதெல்லாம் கூடவே வரும் பொதுவான ஹெட்டர் பேக்கேஜைப் போடவில்லை. தப்பு லினக்ஸ் மேலும் இல்லை, மாமா அமுக்கிய பட்டன் மேலும் இல்லை. சாட்சாத் என் மேல்!

ஒப்புக்கொண்டேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. டீ சொன்னார்.

பொது ஹெட்டர் பேக்கேஜைப் போட்டு, 'டி.கே.எம்.எஸ். ஆட்டோ இன்ஸ்டால்' புது கெர்னலில் ஓட்டி, ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் சரி. உங்களுக்கு இதற்குப் பிறகும் வரவில்லையென்றால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, 'செக்யூர் பூட்' ஆன் ஆகியிருந்தால், கையெழுத்தில்லாத வெளி டிரைவரை அது உள்ளே விடாது. இரண்டு, 'டி மெஸேஜ்' கட்டளையில் 'ஃபர்ம்வேர்' கிடைக்கவில்லை என்று புலம்பல் இருந்தால், அந்த பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும். முக்கியமாக, புது கெர்னலில் எல்லாம் ஓடுகிறது என்று தெரியும் வரை, இடம் அடைக்கிறதே என்று பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள். பாதியில் திரும்பி வர அந்த லைன்தான் இருக்கிறது.

* * *

சாயங்காலம் ஸ்டேஷன் வரை மாமா வந்தார். கையில் ஒரு பலாப்பழம், எனக்குத்தான்.

"இனிமே அப்டேட் கேட்டா அமுக்கலாமா, கூடாதா?"

"அமுக்கணும் மாமா. ஓட்டை உடைசலை அடைக்கிறதே அதுதான். ஆனா கடைசித் தேதி இருக்கிற அன்னிக்கு வேண்டாம். கடை மூடினப்புறம், சாவகாசமா."

"பிளாக் வாங்கிட்டு வேலை பார்க்கிற மாதிரி" என்றார் மாமா. ரயில் வராத நேரமாகப் பார்த்து அனுமதி வாங்கி லைனில் கை வைப்பதற்கு ரயில்வேயில் அதுதான் பெயராம்.

வண்டி கிளம்பியது. பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, முப்பது வருஷம் லைன் நடந்தவரிடம் ஒரு நாள் லினக்ஸ் கற்றுக்கொண்டதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஆபீஸுக்கு நாளைக்கு வருவதாகத் தகவல் சொல்ல போனை எடுத்தேன்.

'புதிய அப்டேட் தயார். இப்போதே நிறுவலாமா?' என்றது.

'பிறகு' என்பதை அமுக்கினேன். இது ஓடுகிற வண்டி சார்!