வலிக்காத கட்டி

விலாப் பக்கம் ஒரு புடைப்பு கைக்குத் தட்டுப்பட்டால் வீட்டில் முதலில் கேட்பது "வலிக்குதா?" என்றுதான். இல்லை என்றால் விட்டுவிடுகிறோம். விலாக் கட்டிகளைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாகிவிடுகிறது. ஜவ்வாது மலையில் புளி உலுக்க மரமேறி விழுந்தவருக்கு விலா எலும்பு விரிசல் விட்டால், மூச்சை இழுக்கும்போதெல்லாம் உயிர் போகிற மாதிரி வலிக்கும். சில வாரங்களில் அங்கே புது எலும்பு கெட்டியாகத் திரண்டு மேடு தட்டும். அது ஆறுவதன் அடையாளம். மார்பெலும்போடு விலா சேரும் குருத்தெலும்பு வீங்கும் நோயை 1921-இல் ஜெர்மன் மருத்துவர் டீட்சே விவரித்தார். தொட்டாலே சுள்ளென்று வலிக்கும், மாரடைப்போ என்று கலங்க வைக்கும். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. காசநோய்க் கிருமி விலா எலும்பைப் பிடித்தால் நடப்பது வேறு. சீழ் மெல்லத் திரண்டு தோலுக்கடியில் வந்து நிற்கும். சிவப்பு இராது, சூடு இராது, வலியும் பெரிதாக இராது. புற்றுக்கட்டிகள் பலவும் தொடக்கத்தில் இப்படித்தான் சத்தமில்லாமல் வளர்கின்றன.

கொழுப்புக் கட்டியும் வலிக்காதே, அதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; தோலுக்கடியில் தென்படும் கட்டிகளில் அதுதான் சகஜம். அது மெத்தென்று இருக்கும், விரலுக்கு நழுவும், வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால் வலியை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும்: வளர்கிறதா? எலும்போடு ஒட்டி அசையாமல் இருக்கிறதா? 5 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதா? சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு உண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் காட்டியாக வேண்டும்.

மலைக்காரர்களுக்கு ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போச்சு, காசநோய் என்றால் மாதக்கணக்கில் படுக்கையா என்பது அடுத்த தயக்கம். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, நுரையீரல் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இணையாகக் குணமாகிறார்கள் என்று காட்டியது. அந்த வழிதான் உலகெங்கும் நிலைத்தது. இன்று மாத்திரையும் அரசுச் செலவில் கிடைக்கிறது. செலவு கூடுவது தாமதத்தால்தான். பத்துப் போட்டு, பழுக்க வைத்து, கீறிவிட்ட காசநோய்க் கட்டி எளிதில் மூடாது. மாதக்கணக்கில் சீழ் ஒழுகும். ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் வரை வந்து மருத்துவரிடம் ஒருமுறை காட்டினால், ஊசியில் சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வழி பிறக்கும். ஒருநாள் கூலியா, பல மாத வேலையா என்று பார்த்தால், வலி வரும்வரை காத்திருப்பதுதான் கட்டுப்படியாகாத காரியம்.