பங்களா போன இடம்

பெங்களூரில் ஒரு பழைய பங்களாவை இடிப்பதற்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் மங்களூர் ஓடு இறங்கும். பிறகு கதவு, ஜன்னல், கம்பி, பித்தளைக் கொண்டி. ஜன்னல்களுக்கு மேலே கூம்பாக நீட்டிக்கொண்டிருந்த மரத் தொப்பி (உள்ளூர்க்காரர்களுக்கு அது 'மங்கி டாப்') ஆணி பிடுங்கப்பட்டு லாரி ஏறும். அப்புறம்தான் விட்டங்கள். செங்கல்லைக்கூட யாராவது வாங்கிவிடுவார்கள். சுண்ணாம்புக் காரை மட்டும்தான் குப்பை. சில வாரங்களில் மனை காலி. அடுத்த ஆண்டு அங்கே அடுக்குமாடி நிற்கும்.

லாரி எங்கே போகிறது? மைசூர் சாலை மரவாடிகளுக்குப் போகலாம். சிவாஜி நகருக்கும் கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட பாம்பூ பஜாருக்கும் போகலாம். பெயர்தான் மூங்கில் கடைத்தெரு. மூங்கில், சவுக்குக் கழிகளோடு பழைய கதவுகளும் நிலைகளும் சுவரில் சாய்ந்து நிற்கும். இந்தப் பகுதியில் தமிழ்க் காதுக்கு அந்நியம் தோன்றாது. 1809இல் பிரிட்டிஷார் கன்டோன்மென்டை அமைத்தபோது பட்டாளத்தோடு வந்து தங்கியவர்களில் கணிசமானோர் தமிழர்கள். இன்றும் ஒரே வாக்கியத்துக்குள் தமிழ், கன்னடம், உருது மூன்றும் புகுந்து வெளியேறும். கடைக்காரரை 'பாய்' என்றோ 'அண்ணா' என்றோ அழைத்தால் வேலை நடக்கும். 'அண்ணா' மூன்று மாநிலங்களுக்குச் செல்லுபடியாகும் சொல்.

மரத்தின் பெயர்தான் கொஞ்சம் தடுமாற வைக்கும். நம் வேங்கை இங்கே ஹொன்னே. ஈட்டி, பீட்டெ. கருமருது, மத்தி. தேக்கு சில கடைகளில் தேகா, சிலவற்றில் சாகுவானி. இது தெரியாமல் போனால் மத்தி என்று சொல்லிக் கொடுத்ததை ஏதோ மட்டமான மரம் என்று நினைத்து விட்டுவிட்டு வர நேரும். மத்தி தேக்கைவிடக் கனம், கடினம். உளிக்குப் படுத்தும். ஆனால் அசையாது.

அசையாமை முக்கியம், ஏனென்றால் இப்போது இந்தச் சந்தைக்கு ஒரு புதிய வாடிக்கையாளர் வருகிறார். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறில் இழைப்புளி பிடிக்க ஆசைப்படுகிறவர். அவருக்கு முதலில் வேண்டியது நாற்காலியோ அலமாரியோ அல்ல. அவற்றைச் செய்வதற்கான தச்சு மேஜை. நம் ஊர் ஆசாரிகள் பரம்பரையாகத் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கோயில் தேர்வரை செய்துவிட்டார்கள். அந்த வித்தை பிள்ளைப் பிராயத்திலிருந்து பழகியவர்களுக்கு. நாற்பது வயதில் ஆரம்பிக்கிற முழங்காலுக்கு மேஜைதான் சரி.

கதவுகளை ஓட்டல்காரர்களும் ரிசார்ட்காரர்களும் கொத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். சித்திர வேலை இருந்தால் விலை எங்கோ போகிறது. ஆணி ஓட்டையும் வெட்டுத் தழும்புமாகக் கிடக்கும் விட்டங்களுக்கு அந்த யோகம் இல்லை. அறுத்து மெல்லிய சட்டமாக்கினால்தான் அவற்றுக்கு மவுசு. துண்டு துக்காணி விறகு. கனமான கட்டையைக் கனமாகவே பயன்படுத்தும் பொருள்கள் அபூர்வம். அவற்றில் ஒன்று தச்சு மேஜை.

இந்த விட்டங்கள் எங்கிருந்து வந்தவை? அன்றைய பங்களாக்களில் 'மெட்ராஸ் டெரஸ்' என்ற மச்சுக் கூரை உண்டு. தேக்குச் சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, மேலே செங்கல்லைக் கோணலாக, விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்துச் செய்வது. சட்டங்களில் ஒரு பகுதி மலபார் காட்டுத் தேக்கு. ஒரு பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1885 போரில் மேல் பர்மாவும் பிரிட்டிஷார் கைக்குப் போனபின் அந்த வரத்து பெருகியது. இயற்கைக் காட்டில் மெதுவாக வளர்ந்த மரங்கள் அவை. இன்று அதே ரகத்தைப் புதிதாக வாங்குவது அனேகமாக முடியாத காரியம். கூடலூர்க் காடுகள் பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12இல் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவது கடுமையாகக் கட்டுப்பட்டது. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. இப்போது கடைகளில் 'இம்போர்ட்டட் தேக்கு' என்று கிடைப்பதில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் தோட்டத்தில் வளர்ந்த இளமரம். வெளுத்த மேல்மரம் அதில் அதிகம். செல்லுக்கும் பூச்சிக்கும் அதுதான் முதல் பந்தி.

ஆக, இடிபட்ட வீட்டில்தான் நல்ல மரம் மிச்சம். அப்படியானால் வாங்குகிறவர்களே இடிப்பைத் தூண்டுகிறார்களா? செட்டிநாட்டில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. அங்கே தூணுக்காகவும் நிலைக்காகவும் வீடுகள் பிரிக்கப்பட்டன. அவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வந்து குவிந்தன. பெங்களூர்க் கணக்கு வேறு. இங்கே விலை மனைக்கு. ரிச்சர்ட்ஸ் டவுனிலோ பசவனகுடியிலோ விட்டத்தின் விலைக்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை. மரம் விற்காமல் போனாலும் வீடு நிற்கப்போவதில்லை. வாங்குவது வீட்டைக் காப்பாற்றுவது ஆகாது. இதைப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் ஓவர். மரத்தை அடுப்பிலிருந்து காப்பாற்றலாம், அவ்வளவே.

மேஜைக்கு எவ்வளவு மரம் வேண்டும்? ஏழடி நீளம், இரண்டடி அகலம், நான்கு அங்குலக் கனத்தில் மேல்பலகை. அதுவே நாலே முக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. ஐந்தங்குலச் சதுரக் கால்கள் நான்கு, குறுக்குச் சட்டங்கள் எல்லாம் சேர்த்தால் ஏழெட்டு கன அடி. தேக்கு என்றால் எடை நூறு கிலோவைத் தாண்டும். அந்த எடைதான் விஷயம். இழைப்புளியைத் தள்ளும்போது மேஜை நகர்ந்தால் அது மேஜையே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தச்சர் ரூபோ தன் நூலில் வரைந்து காட்டியதும் இதே சங்கதிதான். தடித்த பலகை, நேராக அதற்குள் ஏறும் கால்கள். அகலமான பலகை கிடைக்காவிட்டால் விட்டங்களை இழைத்துப் பக்கம் பக்கமாகப் பசை போட்டு ஒட்டலாம். கால்களின் தலையில் கழுந்து செதுக்கிப் பலகையின் துளையில் இறக்க வேண்டும். ஸ்க்ரூவை நம்பாதீர்கள். உயரத்துக்கு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே அளந்துகொள்ளுங்கள்.

சந்தையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. விட்டத்தின் முனைகள் சுவருக்குள் ஈரத்தில் இருந்தவை. ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் டேப்பை முனை முதல் முனைவரை நீட்டுவார். அந்த இரண்டடியைக் கழிக்கச் சொல்வதில்தான் உங்கள் சாமர்த்தியம். என்ன மரம் என்று சந்தேகமா? மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மரத்துண்டைச் சோதித்து இன்ன மரம் என்று சொல்லும் வசதி அங்கே உண்டு. ரயில் தண்டவாளக் கட்டை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கிரியோசோட் எண்ணெய் ஊறியது, வீட்டுக்குள் வைக்கத் தகாதது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உலர வைத்து உப்புத்தாள் போடாமல், நனைத்துச் சுரண்டுங்கள்.

ஆணி இன்னொரு தலைவலி. உள்ளே ஒன்று ஒடிந்து கிடந்தால் இயந்திரத்தின் கத்தி போச்சு. அதனால்தான் பழைய மரத்தைப் பார்த்ததும் அறுவை மில்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துப் பிடுங்கிக் கொடுத்தால் சமாதானம் ஆகிறார்கள். கைக்கருவிகளுக்கு சில்வர் ஜூபிலி பார்க் சாலையின் இரும்புக் கடைகள். பழையதே போதும் என்றால் ஞாயிற்றுக்கிழமை பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் விரியும் சந்தையில் யாரோ ஒரு ஆசாரியின் இழைப்புளி சாக்குமேல் காத்திருக்கும்.

இழைப்பதற்கு முன் கம்பிப் பிரஷ் போட மறக்க வேண்டாம். விட்டத்தின் ரேகைகளில் இன்னும் சுண்ணாம்பும் மணலும் ஒட்டியிருக்கும், அது கத்தியைத் தின்றுவிடும். வெட்டுத் தழும்புள்ள பக்கத்தை அடியில் போடுங்கள். முதல் நான்கைந்து தள்ளலுக்குக் கறுத்த தூள்தான் வரும். அப்புறம் தேன் நிறத்தில் சுருள் சுருளாக எழும்பும். கூடவே தோல் பதனிட்டதுபோல் ஒரு எண்ணெய் வாசனை. நூறு வருஷம் கூரைக்கடியில் கிடந்தும் தேக்கு அதை விடுவதில்லை.