வந்த வழியும் நின்ற நிலையும்

சமயம் ஒன்றைப் பற்றி நம்மிடையே விவாதம் எழும்போது, அது மனிதனுக்கு யாது செய்தது என்னும் வினாவுக்கு முன்பாக, அது எங்கிருந்து வந்தது என்னும் வினாவே பெரும்பாலும் கேட்கப்படுகின்றது. வந்த கப்பலின் கொடி எதுவென்று அறிந்தவுடன் தீர்ப்பும் ஆயத்தமாகிவிடுகின்றது. சீனநாட்டிற் கிறிஸ்தவ ஊழியம் நடைபெற்ற வரலாறும், அந்நாட்டு விசுவாசிகள் அடைந்த துன்பங்களின் வரலாறும் இத்தகைய தீர்ப்புக்கு மிக எளிதில் உட்படுவன. அவ்வரலாற்றைச் சில ஆண்டுகளாகக் கற்றுவரும் ஒருவனின் எண்ணங்களே இக்கட்டுரை. நான் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும் இவ்விடயம் எனக்குப் புறம்பானதன்று.

என் அப்பாச்சி வலிகாமத்தில் அமெரிக்க மிஷனார் நடத்திய பெண்கள் பாடசாலையொன்றில் எழுத்தறிந்தவர். இறுதிவரை சைவராகவே வாழ்ந்தார். எனினும், தமக்கு எழுத்தறிவித்த அம்மாமாரை ஒருநாளும் இகழ்ந்து பேசியவரல்லர். அவருடைய மகனாகிய என் தந்தையாரோ 1960களிற் சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் ஈடுபட்டவர். ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் நடைபெற்ற அக்காலத்தில், சாதிக் கொடுமையை எதிர்த்து நிற்கும் துணிவை மா சே துங்கின் எழுத்துகளே தமக்குத் தந்தன என்று இன்றும் கூறுவார். மிஷனரிமார் பீரங்கிக்கு முன்னோடிகள் என்பதும், சீனப் புரட்சி அவர்களை வெளியேற்றியது நியாயமே என்பதும் அவருடைய அசையாத முடிவுகள். இவ்விருவருக்கும் கடன்பட்டவன் என்ற முறையில், எவர் பக்கம் உண்மை உளது என்பதை அறிய வேண்டிய தேவை எனக்கு இருந்தது.

சீனத்திற் கிறிஸ்தவம் பீரங்கியோடு தொடங்கியதன்று. சியான் நகரிலே பாதுகாக்கப்படும் கல்வெட்டொன்று, 635ஆம் ஆண்டில் அலோபென் என்னும் துறவி பாரசீகத் திசையிலிருந்து தாங் மன்னரின் தலைநகரை அடைந்ததையும், மன்னர் அவரை வரவேற்றதையும் கூறுகின்றது. அக்கல்வெட்டு நாட்டப்பட்டது 781இல். அறுபத்து நான்கு ஆண்டுகளின் பின், 845இல், பௌத்த மடங்களை ஒடுக்குமாறு வூசொங் பேரரசர் பிறப்பித்த ஆணை இச்சமயத்தையும் தாக்கிற்று. அதன்பின் சீனத்தின் உட்பகுதியில் அது ஏறத்தாழ மறைந்தே போயிற்று. இரத்தசாட்சிகளின் குருதியே திருச்சபையின் வித்து என்று கூறுவர். வித்து முளையாத நிலமும் உண்டு என்பதற்கு இக்கல்வெட்டுச் சான்று. ஆதலால், துன்பத்தின் பெறுமதியை அதனாற் கிடைத்த வளர்ச்சியைக் கொண்டு அளப்பது முறையன்று என்று கருதுகின்றேன்.

1582இல் மக்காவோவை அடைந்த இயேசு சபைக் குரு மத்தேயோ றிச்சி, முதலிற் பௌத்த பிக்குவைப் போன்றும், பின்னர்க் கன்பூசிய அறிஞரைப் போன்றும் உடையணிந்தார். 1601இற் பீக்கிங் நகரிலே தங்கும் அனுமதி பெற்றார். அதே சபையைச் சேர்ந்த தத்துவ போதகர் 1606இல் மதுரைக்கு வந்து துறவிக் கோலம் பூண்டமை தமிழ் மாணவர் அறிந்ததே. மூதாதையருக்குச் செய்யும் வணக்கம் குடும்ப மரியாதையேயன்றித் தெய்வ வழிபாடன்று என்பது றிச்சியின் வழிவந்தோர் கொள்கை. காங்சி பேரரசர் 1692இற் கிறிஸ்தவ வழிபாட்டிற்கு அனுமதி வழங்கினார். ஆயின், உரோமாபுரி அவ்வணக்கத்தை 1704இலும் 1715இலும் தடைசெய்தது. 1742இல் அத்தடையை இறுதியாக உறுதிப்படுத்திற்று. அதே பாப்பரசர் 1744இற் தமிழகத்து மிஷன் வழக்காறுகளையும் வரையறுத்து ஆணையிட்டார். இதற்கிடையில், 1724இல் யொங்செங் பேரரசர் அச்சமயத்தையே தடைசெய்துவிட்டார். தந்தையின் பெயர்ப்பலகைக்கு முன் வணங்கிய சீன விசுவாசி திருச்சபைக்குக் குற்றவாளி; வணங்காதவன் ஊருக்குக் குற்றவாளி. 1939இல் உரோமாபுரி தன் தடையைத் தளர்த்திய காலை, அத்தடையினால் உறவிழந்த எத்தனையோ தலைமுறைகள் மறைந்துவிட்டன.

புரட்டஸ்தாந்து ஊழியம் 1807இல் றொபேட் மொறிசன் கன்ரன் நகரை அடைந்தமையோடு தொடங்குகின்றது. அந்நியருக்குச் சீனமொழி கற்பித்தல் குற்றமாயிருந்த காலம் அது. மொறிசன் அங்கு நிலைத்திருக்க வேண்டிக் கிழக்கிந்தியக் கம்பனியின் மொழிபெயர்ப்பாளராகப் பணியேற்றார். வேதாகமத்தின் சீன மொழிபெயர்ப்பு 1823இல் நிறைவாக வெளிவந்தது. அதனை நாம் போற்றுகின்றோம். ஆனால், அச்சுப் பலகை செதுக்கியவரை எண்ணுவோர் சிலரே. லியாங் பா என்பவர் அத்தகைய தொழிலாளி. 1816இல் மலாக்காவிலே திருமுழுக்குப் பெற்ற அவர், தம் ஊர் மக்களுக்கென ஒரு சிறு நூலை எழுதி அச்சிட்டபோது, 1819இற் கைது செய்யப்பட்டு மூங்கிற்றடியால் அடிக்கப்பட்டார். அவருடைய அச்சுப் பலகைகளும் எரிக்கப்பட்டன. வெளிநாட்டவருக்குக் கம்பனியின் நிழல் இருந்தது. லியாங்கிற்கு எந்த நிழலும் இருக்கவில்லை.

தந்தையாரின் குற்றச்சாட்டுக்கு இங்குதான் வலுவான ஆதாரம் உளது. கார்ல் குட்சிலாவ் என்னும் மிஷனரி, 1832இல் அபின் ஏற்றிச் சென்ற கப்பலில் மொழிபெயர்ப்பாளராகப் பயணஞ்செய்து, கரையோர ஊர்களிலே சமயப் பிரசுரங்களை வழங்கினார். அபின் யுத்தத்தின் முடிவில் 1842இல் நான்கிங் உடன்படிக்கை வந்தது. 1858, 1860ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் மிஷனரிமாருக்கு உள்நாட்டிற் பயணஞ்செய்யும் உரிமையை அளித்தன. நற்செய்தி கூறும் உரிமையும் நஞ்சு விற்கும் உரிமையும் ஒரே மேசையிற் கையொப்பமாகியதைச் சீனர் மறந்திலர். மிஷனரிமாரிற் பலர் அபினைக் கடுமையாகக் கண்டித்தனர் என்பது உண்மையே. ஆயினும் அபின் வந்த கதவினூடாகவே அவர்களும் வந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. லியாங் பாவின் நூலொன்றைப் படித்து, தாமே இறைவனின் இளைய குமாரர் என நம்பிய ஹொங் சியூசுவானின் தைப்பிங் கிளர்ச்சி, 1851 முதல் 1864 வரை நாட்டையே உலுக்கிற்று. அக்கிளர்ச்சிக்காரர் பௌத்த, தாவோ ஆலயங்களை இடித்தனர். துன்புறுத்தல் என்பது ஒரு சாராருக்கே உரிய குணமன்று.

1900இற் பொக்ஸர் கிளர்ச்சி மூண்டது. 200க்கு மேற்பட்ட வெளிநாட்டு மிஷனரிமாரும் அவர்தம் குடும்பத்தினரும் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்ட சீனக் கிறிஸ்தவர்களோ பல்லாயிரவர். அவர்களுக்கு அண்மையிற் தூதராலயமும் இல்லை. துறைமுகத்திற் கப்பலும் இல்லை. பின்னர் வல்லரசுகள் சீனத்தின்மீது பெருந்தொகையான நட்டஈட்டைச் சுமத்தின. அவ்வேளையில், தன் ஊழியரில் 58 பேரையும் 21 பிள்ளைகளையும் இழந்திருந்த சீன உள்நாட்டு மிஷன் நட்டஈடு பெற மறுத்துவிட்டது. அதன் நிறுவனர் ஹட்சன் ரெயிலரின் இம்முடிவைத் தந்தையாருக்குக் கூறியபோது, "அது மனிசத்தனம்" என்று மட்டும் சொன்னார்.

இவ்வரலாற்றில் யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் செல்லும் ஓர் இழை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்துத் திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் ஹென்றி வென், அமெரிக்க மிஷன் சங்கத்தின் றூபஸ் அண்டர்சன் ஆகிய இரு செயலாளர்கள் ஒரு கொள்கையை வகுத்தனர். சுதேசத் திருச்சபை தன்னைத் தானே ஆள வேண்டும். தன்னைத் தானே தாங்க வேண்டும். தன்னைத் தானே பரப்ப வேண்டும் என்பதே அது. இந்த அண்டர்சனே 1855இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மிஷன் பணிகளைப் பார்வையிட்டவர். வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டமை அவ்வருகையின் விளைவு. ஆங்கிலக் கல்வி மாணவரைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கின்றது என்பது அவர் எண்ணம். அம்முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். அவர் வகுத்த 'மூன்று தன்மை' எனும் கோட்பாடு சீனத்தில் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

1949இன் பின் வெளிநாட்டு மிஷனரிமார் சில ஆண்டுகளுக்குள் வெளியேறினர். ஏகாதிபத்தியத் தொடர்பைத் திருச்சபை அறுத்தல் வேண்டும் என்னும் அறிக்கையை வூ யாவோசொங் முதலானோர் 1950இல் வெளியிட்டனர். 1954இல் 'மூன்று தன்மைத் தேசபக்த இயக்கம்' முறைப்படி அமைக்கப்பட்டது. வூ சூழ்ச்சிக்காரர் அல்லர். திருச்சபையின் பழைய உறவுகள் பற்றி அவர் கூறியவற்றிற் பெரும்பகுதி உண்மையே. அவ்வியக்கத்தில் மனமுவந்து இணைந்த நல்லோரும் இருந்தனர். ஆனால், அதில் இணைய மறுத்தோர் அந்நியரின் கையாட்கள் எனப் பெயரிடப்பட்டபோது, கோட்பாடு தலைகீழாயிற்று.

வாங் மிங்தாவோவின் வாழ்க்கை இதனைத் தெளிவாகக் காட்டும். 1900இற் பீக்கிங்கிலே தூதராலய முற்றுகையின்போது பிறந்தவர் அவர். அம்முற்றுகையின் அச்சத்தால் அவருடைய தந்தை தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வாங் எந்த மிஷனையும் சாராது ஊழியஞ்செய்தார். 1937இல் அவருடைய சபை சொந்த ஆலயம் ஒன்றை அமைத்தது. அதில் வெளிநாட்டுப் பணம் இல்லை. 1942இல் யப்பானியர் திருச்சபைகள் யாவற்றையும் ஒரே சங்கத்தில் இணைக்க முற்பட்டபோது அவர் மறுத்தார். புதிய அரசின் இயக்கத்திலும் இணைய மறுத்தார். 1955 ஓகஸ்டிற் கைதானார். நெருக்குதல் தாங்காது குற்ற ஒப்புதலிற் கையொப்பமிட்டு 1956இல் வெளிவந்தார். ஆனால் மனம் அமைதியுறாது அதை ஏற்க மறுத்தமையால் மீண்டும் சிறை புகுந்தார். 1963இல் ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. 1980இல் விடுதலையாகி, 1991இல் இறந்தார். தன்னை ஆண்டு, தன்னைத் தாங்கி, தன்னைப் பரப்பிய ஒரு சபையின் போதகர், அம்மூன்றின் பெயராலேயே அந்நியராக்கப்பட்டார். கத்தோலிக்கருள்ளும், ஷங்காய் ஆயர் குங் பின்மெய் 1955இற் கைதாகி முப்பது ஆண்டுகள் சிறையிற் கழித்தார்.

பல்கலைக்கழகத்தாராகிய நாம் இன்னொருவரையும் எண்ணுதல் தகும். லின் சாவோ சூசோ நகரின் மிஷன் பாடசாலையொன்றிற் கற்ற காலத்திலேயே கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமறைவுப் பணியில் ஈடுபட்டவர். நிலச் சீர்திருத்தக் குழுவிற் பணியாற்றியவர். 1954இற் பீக்கிங் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1957இல் வலதுசாரி எனக் குற்றஞ்சாட்டப்பட்டார், 1960இற் கைதானார். சிறையில் இளமைக்கால விசுவாசத்துக்குத் திரும்பிய அவர், எழுதுகோல் மறுக்கப்பட்ட வேளைகளிலே தம் குருதியால் எழுதினார். 1968 ஏப்ரல் 29ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். தோட்டாவின் விலையாக ஐந்து பென் காசு அவருடைய தாயாரிடம் கேட்டுப் பெறப்பட்டது. 1980இல் நீதிமன்றம் அவரை நிரபராதி என அறிவித்தது. இதை நான் கூறி முடித்தபின் தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "தம்பி, அந்தப் பிள்ளையும் எங்கட கட்சிப் பிள்ளைதானே" என்றார். 1968 மாவிட்டபுரம் ஆலய வாயிலில் அவர் நின்ற ஆண்டு என்பதை இருவரும் அறிவோம். எவரும் அதைச் சொல்லவில்லை.

1966இன் பின் ஆலயங்கள் யாவும் மூடப்பட்டன. 1979 முதல் மீண்டும் திறக்கப்படலாயின. 1949இற் புரட்டஸ்தாந்தினர் ஏறத்தாழப் பத்து இலட்சத்தினர்; 2018இற் சீன அரசின் வெள்ளை அறிக்கை அவர்களை 3 கோடியே 80 இலட்சம் எனக் குறித்தது. பதிவுசெய்யாத வீட்டுச் சபையினர் பற்றிய கணிப்புகள் வேறுபடுவன. இப்பெருக்கத்தின் பெரும்பகுதி வெளிநாட்டு மிஷனரி எவரும் இல்லாத காலத்திற் சீனர் சீனருக்குக் கூறியதால் நிகழ்ந்தது. எனினும் ஐயம் ஓயவில்லை. 2014 முதற் செஜியாங் மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலயங்களின் சிலுவைகள் இறக்கப்பட்டன. அரசின் அங்கீகாரம் பெற்ற ஆலயங்களும் அவற்றுள் அடங்கும். 2018 டிசெம்பரிற் செங்டு நகரின் வீட்டுச் சபைப் போதகரும் முன்னாட் சட்ட விரிவுரையாளருமான வாங் யீ கைதானார். மறு ஆண்டில் 9 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுவே. மிஷன்மீது சாட்டப்பட்ட குற்றம் பெரிதும் மெய். அக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரோ பெரும்பாலும் அதைச் செய்யாதவர். உடன்படிக்கை எழுதியவர் தாயகம் திரும்பினார். நம்பியவர் ஊரிலேயே இருந்தார். அதிகாரம் எதுவாயினும், பேரரசாயினும், பாப்பரசாயினும், கிளர்ச்சிப் படையாயினும், புரட்சியரசாயினும், கைக்கெட்டிய அந்த மனிதனிடமே தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. ஒரு கருத்து எவ்வழியாக வந்தது என ஆராய்வது வரலாற்று மாணவனின் கடமை. அதில் தயவு காட்ட வேண்டியதில்லை. ஆனால், அக்கருத்தைத் தன் வீட்டிலே, தன் மொழியிலே, தன் பொறுப்பிலே ஏற்று நின்றவனை விசாரிக்கும்போது, வழியைப் பற்றிய வினா போதாது. அவன் நின்ற நிலை அவனுடையது. அதனைப் பறிக்கும் உரிமை, எத்துணை நியாயமான கோபத்துக்கும் இல்லை.